ஒரே ஓர் ஏவுகணை பட்டதும் போர்க்கப்பல் மூழ்குவது ஏன்? அலுமினியத்தில் கட்டுவதாலா?

அலுமினியக் கதை நெடுநாளாக உலவுகிறது. 1982 மே 4 அன்று, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் அடிபட்ட பிரிட்டனின் ஷெஃபீல்டைத்தான் அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கப்பலின் மேற்கட்டுமானம், அதாவது மேல்தளத்துக்கு மேலே எழும்பி நிற்கும் பகுதி, எஃகு.

நான் ராயபுரத்துக்காரன், சரக்குக் கப்பல் இன்ஜினியர். எங்கள் வேலையில் சேர தீயணைப்புப் பயிற்சி கட்டாயம். புகை அடைத்த இருட்டறையில் சுவரைத் தடவித் தடவி நகர்ந்தவர்களுக்கு ஷெஃபீல்டில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று புரியும். அர்ஜென்டினா விமானம் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை பக்கவாட்டில் துளைத்து நுழைந்து, தீயணைப்புத் தண்ணீர் போகும் மெயின் பைப்பையே உடைத்துவிட்டது. ஏவுகணையில் எரியாமல் மிச்சமிருந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. பம்புகளும் கைகொடுக்கவில்லை. கரும்புகை பரவப் பரவ, உள்ளே நின்று போராட வழியில்லாமல் போயிற்று. 20 பேர் இறந்தார்கள். அப்போதும் கப்பல் மூழ்கவில்லை. இழுத்துப் போகும் வழியில் மே 10 அன்றுதான் மூழ்கியது.

அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க்கின் கதை வேறு. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஈராக் விமானத்தின் இரண்டு எக்ஸோசெட்கள் அதைத் தாக்கின. முதலாவது வெடிக்கவே இல்லை. ஆனாலும் அதன் எரிபொருள் உள்ளே சிதறி எரிந்தது. இரண்டாவது வெடித்தது. 37 உயிர்கள் போயின. தீயை அணைக்க அடிக்கும் தண்ணீரும் அங்கே எமன்தான், மேல் தளங்களில் தேங்கினால் கப்பல் சாயும். இதைப் பயிற்சியில் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஓட்டை இடப்பக்கம் இருந்ததால், கேப்டன் வலப்பக்க அறைகளில் வேண்டுமென்றே தண்ணீர் விடச் சொல்லி, ஓட்டையை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தினார். மாலுமிகள் இரவெல்லாம் தீயோடு மல்லுக்கட்டினார்கள். கப்பல் பஹ்ரைன் போய்ச் சேர்ந்தது, பழுதுபார்த்தபின் மறுபடி பணிக்கும் வந்தது. அந்த மாலுமிகள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை.

பெரிய கப்பல் தப்பிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 186 மீட்டர் நீள ரஷ்யக் கப்பல் மாஸ்க்வா 2022 ஏப்ரலில் கருங்கடலில் உக்ரைன் ஏவுகணைகளால் தீப்பிடித்து மறுநாளே மூழ்கியது.

சென்னைத் துறைமுகத்தில் கடற்படைக் கப்பலைப் பொதுமக்கள் பார்க்க விடும் நாளில், பீரங்கியோடு போட்டோ எடுத்த கையோடு நடைபாதைகளையும் பாருங்கள். தீயணைப்பு ஹோஸ்கள், தண்ணீர் புகாத கனத்த கதவுகள், ஓட்டை அடைக்க வைத்திருக்கும் மரக்கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அங்குள்ள மாலுமியிடம் கேளுங்கள்.