முன் டயரை மாற்றிப் பூட்டிவிட்டார்களா?

கேள்வி: மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் புதிதாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், முன் டயரின் கோடுகள் பின் டயருக்கு நேர்மாறாகப் போகின்றன. கராஜில் கேட்டால் "அது ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். வளைவில் பைக் சட்டென்று சாய்வது போலவும் இருக்கிறது. கழற்றிப் பூட்டச் சொல்லட்டுமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: பொறுங்கள், கோடுகளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஈரத்துணியால் டயரின் பக்கச்சுவரைத் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பில் கறுப்பாக ஒரு சிறிய அம்புக்குறி தெரியும். சில்லு முன்னோக்கி உருளும் திசையை அது காட்ட வேண்டும். அதாவது டயரின் உச்சியில் அம்பு வரும்போது அது ஹெட்லைட் பக்கம் பார்க்க வேண்டும். அப்படியென்றால் கோடு எப்படிப் போனாலும் சரிதான்.

முன்னும் பின்னும் மாறித் தெரிவதற்குக் காரணம் உண்டு. பின் சில்லு பைக்கைத் தள்ளுகிறது, முன் சில்லு பிரேக்கின் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. இரண்டிலும் ரப்பரை இழுக்கும் விசை எதிரெதிர்த் திசை. அதனால்தான் சில டயர்களில் முன்னுக்கு ஓர் அம்பு, பின்னுக்கு எதிர்த்திசையில் இன்னோர் அம்பு என்று இரண்டுமே இருக்கும். அம்பே இல்லாத டயரை எப்படியும் பூட்டலாம்.

அம்பு பின்னோக்கி இருந்தால் மட்டும் விடாதீர்கள். உடனே வெடித்துவிடாது, ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் மழைத் தண்ணீரிலும் டயர் செய்யவேண்டிய வேலையைச் சரியாகச் செய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழை நம்மூரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சில்லைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க முடியாது, டிஸ்க் மறுபக்கம் போய்விடும். டயரை ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டும். பிழை அவர்களுடையது, கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

சட்டென்று சாய்வது பெரும்பாலும் புது டயரின் குணம். பழையது நடுவில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். புதியது உருண்டையாக இருப்பதால் இலகுவாகச் சாயும். காற்றையும் பாருங்கள். டயர் ரிம்மில் உட்காருவதற்காகக் கூட அடித்துவிட்டு, அப்படியே அனுப்பிவிடுவார்கள். காலையில், ஓடுவதற்கு முன், செயின் கவர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர், அதாவது திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்கு ஓர் ஐந்து தடவை போய்வரும் தூரம், மெதுவாக ஓடுங்கள். உவர்மலை இறக்கத்தில் திடீர் பிரேக் வேண்டவே வேண்டாம்.