பூமி விற்ற பணத்தை எதற்கு மறைக்க வேண்டும்?

கேள்வி: பல்லடம் வட்டத்தில் அப்பா எனக்கு எழுதிவைத்த பூமி 3 ஏக்கரா இருக்கிறது. சோளமும் மக்காச்சோளமும் போடுகிறோம். ஒரு ஓரத்தில் கோழி ஷெட். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் ஏக்கரா 60 லட்சத்துக்குக் கேட்கிறார். ஆனால் 75 லட்சத்துக்குத்தான் பத்திரமாம், மீதி 1 கோடியே 5 லட்சம் ரொக்கமாம். கோயமுத்தூரில் ஐடி வேலையில் இருக்கும் மகன் போனில் ஏஐயிடம் கேட்டுவிட்டு, விவசாய பூமிக்கு வரியே இல்லை என்கிறான். மேப்பில் அளந்தால் திருப்பூர் 11 கிலோமீட்டர் காட்டுகிறது. எலெக்‌ஷன் முடிந்து விற்றால் வரி குறையும் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி

பதில்: சரிங்க அம்மா, முதலில் அந்த ரொக்கத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மகன் சொல்வதுபோல வரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 1 கோடியே 80 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதி, முழுப் பணத்தையும் வங்கி மூலமாக வாங்கினாலும் நீங்கள் ஒரு பைசா வரி கட்ட வேண்டியதில்லை. அப்புறம் எதற்கு மறைக்க வேண்டும்? மறைப்பதில் லாபம் வாங்குகிறவருக்குத்தான். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் அவருக்கு 16 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். 75 லட்சத்துக்குப் போட்டால் 6 லட்சத்து 75 ஆயிரத்தோடு முடிந்துவிடும். அவருடைய ஒன்பதரை லட்சம் மிச்சமாக, உங்கள் 1 கோடியே 5 லட்சம் கணக்கில் வராத பணமாகிறது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் என் ஆபீசுக்கு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டாக மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அவர் விற்றது சுத்தமான கிராமத்துப் பூமி, வரியே கிடையாது. ஆனால் பாதிப் பணத்தை மஞ்சள் பையில் வாங்கி, பேத்தி கல்யாணத்துக்காக வங்கியில் போட்டிருக்கிறார். ஒரு வருஷத்தில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி தானாகவே வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பூமி விற்றது என்றார். பத்திரத்தில் அந்தத் தொகை இல்லை. வாங்கியவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பத்திரத்தில் உள்ளதற்கு மேல் எதுவும் தரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொன்ன பெரியவரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வரியே இல்லாத பணத்துக்கு வரியும் கட்டி, அபராதமும் கட்டினார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது போக, ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே 2017 ஏப்ரல் முதல் சட்டப்படி கூடாது. நிலத்துக்கு அட்வான்ஸ் என்றால் எல்லை இன்னும் கீழே, 20 ஆயிரம். மீறினால் எவ்வளவு வாங்கினீர்களோ அவ்வளவும் அபராதமாகப் போகலாம். அதைக் கட்ட வேண்டியவர் வாங்கிய நீங்கள், கொடுத்த அவர் அல்ல.

இனி, உண்மையிலேயே வரி இல்லையா என்று பார்ப்போம். ஏஐ சொன்னது பாதி சரி. நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவிதான். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்க விட்டதைப் பல நேரம் அதுவாக இழுத்துவைத்துக் கேட்காது. சட்டம் எல்லா விவசாய பூமிக்கும் வரி இல்லை என்று சொல்லவில்லை. கிராமப்புற விவசாய நிலத்துக்குத்தான் விலக்கு. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்த விலக்கு போய்விடும். 10 ஆயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தால் பேரூராட்சியும் இந்தக் கணக்கில் வரும். எல்லைக்கு வெளியே இருந்தாலும், அந்த ஊரின் மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்குள்ளும், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்குள்ளும், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள்ளும் பூமி இருக்கக் கூடாது. 1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் 2026 ஏப்ரலில் வந்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

பல்லடம் நகராட்சிக்கு 2 கிலோமீட்டர் கணக்கு, திருப்பூர் மாநகராட்சிக்கு 6 கிலோமீட்டர் கணக்கு. இரண்டையும் தாண்ட வேண்டும். இங்கேதான் உங்கள் மகன் அளந்ததில் எனக்குச் சந்தேகம். மேப்பில் திருப்பூர் என்று போட்டால் புள்ளி ஊர் நடுவில் போய் நிற்கும். சட்டம் அளப்பது மாநகராட்சி எல்லையிலிருந்து, அதுவும் ரோட்டு வழியாக அல்ல, ஆகாயத்தில் நேர்கோடாக. ரோட்டில் 11 என்று காட்டுகிற பூமி நேர்கோட்டில் எல்லையிலிருந்து ஐந்துக்குள் வந்துவிடலாம். அதே மேப்பில் நேர்கோட்டுத் தூரம் அளக்கவும் வழி இருக்கிறது. பூமியின் மேல் விரலை வைத்து அழுத்தி, எல்லை வரைக்கும் கோடு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உத்தேசமாகத் தெரிந்துகொள்ள அது போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாசில்தார் அலுவலகத்தில் தூரச் சான்று எழுதி வாங்கிவிடுங்கள். பட்டாவையும் ஆதாரையும் போட்டோ எடுத்து ஏஐக்கு அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். கேள்வி கேட்க அது தேவையில்லை.

கோழி ஷெட்டை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. கோழிப்பண்ணை வருமானம் விவசாய வருமானம் ஆகாது. அதனால் ஷெட் நிற்கிற இடம் விவசாய நிலம் இல்லை என்று அதிகாரி சொல்ல முடியும். ஷெட்டும் அதைச் சுற்றியுள்ள இடமும் எத்தனை செண்டு என்று சர்வேயரை வைத்து அளந்து, புலப்படத்தில் குறித்து வையுங்கள். மீதிப் பூமியில் பயிர் செய்ததற்கு அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகலை மூன்று நான்கு வருஷத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். மனையாகப் பிரித்து அப்ரூவல் வாங்கித் தந்தால் கூடுதல் விலை தருகிறேன் என்றாலும் உங்கள் பெயரில் அதைச் செய்யாதீர்கள். விவசாய நிலம் என்ற பெயரே போய்விடும்.

6 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் வரி உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2001 ஏப்ரலுக்கு முன்பிருந்தே குடும்பத்தில் இருக்கும் பூமி என்றால், அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். பணவீக்கத்துக்குக் கூட்டிய பிறகு 20 சதவீதமா, கூட்டாமல் 12.5 சதவீதமா என்று இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய பூமி வாங்கினால் அந்த அளவுக்கு வரி குறையும். வீடு வாங்கினாலும் சலுகை உண்டு. அதற்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி வந்துவிட்டால், செலவழிக்காத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாகத் திறந்து அதில் போட வேண்டும். இதைச் செய்யாமல் சலுகையை இழந்தவர்கள் நிறையப் பேர்.

அண்ணன் சொல்லும் எலெக்‌ஷன் விஷயம். பூமி விற்பதற்கான வருமான வரி தில்லி கையில் இருக்கிறது, வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) பதிவுக் கட்டணமும் சென்னை கையில். 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றினார்கள். 2023இல் ஆட்சி வேறு. மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். தில்லியும் அப்படித்தான். 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் நிலத்துக்கான வரி முறையை அன்றைக்கே மாற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே திருத்தம் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் கணித்து யாரும் பூமி விற்க முடியாது. எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதத்தைப் பாதியாகக் குறையுங்கள், வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மஞ்சள் பைக்கு வேலையே இருக்காது. சம்சாரிகளை இந்த நிலைமையில் நிறுத்தியதில் இரண்டு அரசுகளுக்கும் பங்கு இருக்கிறது.

அதனால் கம்பெனிக்காரரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: ஏக்கராவுக்கு இரண்டு மூன்று லட்சம் குறைத்துக்கூடத் தருகிறேன், ஆனால் முழுத் தொகையும் பத்திரத்தில் வர வேண்டும், பணம் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் பூமிக்கு ரோட்டு வசதி இருந்தால் அவர் ஒத்துக்கொள்வார். இல்லையென்றால் இந்தப் போகம் சோளத்தை அறுத்துவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.