இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள்

கேள்வி: நான் 24 வயதுப் பெண். பெரிய நகரம் ஒன்றில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து கிளம்பவே இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்கிறார்கள். சம்பளம் சுமார்தான். பாதுகாப்பாகவும் கட்டுப்படியாகவும் இருக்கும் ஏரியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். படங்களைப் பார்த்து ஒரு வீடு பிடித்துப்போயிற்று. இங்கிருந்தே அட்வான்ஸ் அனுப்பிவிடலாமா? தனியாக எடுப்பதா, யாருடனாவது பகிர்ந்துகொள்வதா?

பதில்: அட்வான்ஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறார், இன்னும் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்குள் பாதித் தொகையாவது போட்டால் உங்களுக்கே வைத்திருப்பார்... இந்தப் பேச்சு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் வரும். வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ எடுத்துப் போட்டு, சுற்றுவட்டார வாடகையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி ஆள் பிடிப்பார்கள். படத்தைக் கொண்டே இணையத்தில் தேடும் வசதி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த அந்த வீட்டுப் படத்தை அதில் போட்டுப் பாருங்கள். வேறொரு ஊர் விளம்பரத்தில் அதே படம் இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அப்படியானால் போய் இறங்கியதும் எங்கே தங்குவது? முதல் ஒரு மாதத்துக்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் விடுதியோ, மாத வாடகை அறையோ, கூட வேலை செய்யப்போகிறவர்களின் வீட்டில் ஒரு படுக்கையோ பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை. ஒரு வருட ஒப்பந்தத்தில் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது. அந்த ஒரு மாதமும் வேலைக்குப் போய் வந்தபடியே ஊரைப் படிக்கலாம்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். “எந்த ஏரியா?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஏரியா என்பது ரொம்பப் பெரிய அளவு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை வைத்து 1989-ல் வெளியான ஓர் ஆய்வு, பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் நகரத்தின் சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகு வேறு நகரங்களில் நடந்த ஆய்வுகளிலும் இதே போக்குதான் தெரிந்தது. குற்றம் ஏரியா முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, சில முனைகளிலும் சில கட்டடங்களிலும் குவிந்து கிடக்கிறது. அதனால் பேர்போன பேட்டையில் ஒரு மோசமான சந்து இருக்கும். எல்லோரும் முகம் சுளிக்கும் பகுதியில் நிம்மதியான தெரு இருக்கும். நீங்கள் தேட வேண்டியது ஒரு தெரு. இன்னும் சரியாகச் சொன்னால், இரவில் நீங்கள் இறங்கும் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரையிலான ஐந்து பத்து நிமிட நடை.

அந்த நடையை நடந்தே பார்த்துவிட வேண்டும். பகலில் போய் வீட்டைப் பாருங்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே முடிவு சொல்லாமல் திரும்பிவிடுங்கள். அப்புறம் ஒரு வேலை நாளில், நீங்கள் வழக்கமாகத் திரும்பும் நேரத்தில், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நடங்கள். எத்தனை விளக்குகள் எரிகின்றன? விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் எதிரே வருபவரின் முகம் தெரிகிறதா? இருபுறமும் என்ன இருக்கிறது: வாசலும் ஜன்னலுமா, வெறும் மதிலா? ஒரு தொழிற்கூடத்தின் நீண்ட மதில், பூட்டிய பள்ளிக்கூடத்தின் பின்புறம், காலி மனை, சுரங்கப்பாதை... இப்படி நூறு மீட்டர் வந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது பின்னால் வந்தால் சட்டென்று நுழைந்துகொள்ளத் திறந்த கடை ஒன்று, விளக்கெரியும் வாசல் ஒன்று வழியில் இருக்கிறதா? சுற்றுவழியானாலும் ஆள் நடமாட்டமுள்ள இன்னொரு பாதை உண்டா? இரண்டு பாதை உள்ள வீட்டுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

விளக்கைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் 2016-ல், அரசு குறைந்த வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் கூடுதல் விளக்குகள் வைத்துச் சோதித்தார்கள். அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. விளக்கைப் போலவே முக்கியம், பார்க்கும் கண்கள். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே அழுத்திச் சொன்ன விஷயம் அது: தெருவைப் பார்த்திருக்கும் ஜன்னல்கள், வாசலில் நிற்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், இவர்கள்தான் தெருவின் முதல் காவல். காவலாளி வைத்த வாசலுக்கு வெளியே அகலமான, ஆளில்லாத சாலை இருந்தால், அந்தக் காவலாளியால் உங்களுக்குக் கிடைப்பது கடைசிப் பத்தடிப் பாதுகாப்பு மட்டுமே.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டைப் பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தெரு முழுக்கக் கடைகள், சுமை இறக்கும் வண்டிகள், ஜனம். இவ்வளவு கலகலப்பான இடத்தில் என்ன பயம் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். குடிபோன முதல் இரவு எட்டு மணிக்குத் திரும்பினால் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. அது மொத்த வியாபாரத் தெரு. மேல்மாடிகள் எல்லாம் கிடங்குகள், குடியிருப்பு என்று இருந்ததே எங்களுடையதும் இன்னொன்றும்தான். இறக்கிய ஷட்டர்களுக்கு நடுவே நான் நடக்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஏழு மாதம் அப்படி நடந்தேன். அதனால்தான் நேரத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “இங்கே பாதுகாப்பா இருக்குமா?” என்று கேட்டால், “ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தன் தெருவை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “ராத்திரி லேட்டா வந்தா நீங்க எந்த வழியா வருவீங்க?” “எந்தப் பக்கம் போக மாட்டீங்க?” “வண்டியை எங்கே நிறுத்துவீங்க?” இதற்கெல்லாம் மனிதர்கள் யோசித்து, உண்மையாகப் பதில் சொல்வார்கள். உங்கள் வயதுள்ள பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள், இரவில் பொருள் கொண்டு வந்து கொடுப்பவர்கள், தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஆகியோரிடம் கேளுங்கள். காலி செய்துவிட்டுப் போகிற குடித்தனக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். ஏன் போகிறார் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள்.

இணையத்தில் சொல்லும் ‘நல்ல ஏரியா’, ‘மோசமான ஏரியா’ பற்றியும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். அதில் பாதி அனுபவம், பாதி வெறுப்பு. ஏழைகள் வாழ்கிறார்கள், வேறு மொழி பேசுகிறார்கள், வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதற்காகவே ஒரு பகுதிக்குக் கெட்ட பேர் வைத்துவிடுகிறார்கள். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நெருக்கமான தெருவில், பிள்ளைகள் ஒன்பது மணி வரை விளையாடும் தெருவில், தனியாக நடந்து வரும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் துணை பல பணக்காரத் தெருக்களில் கிடைக்காது. குற்றப் புள்ளிவிவர வரைபடம் வெளியிடும் நகரமானால் அதையும் பாருங்கள், ஆனால் கவனமாக. ரயில் நிலையம், கடைவீதி இருக்கும் பகுதியில் குடியிருப்பவர்கள் குறைவு, வந்துபோகிறவர்கள் ஏராளம். அங்கே நடக்கும் பிக்பாக்கெட்டைக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் பயங்கரமாகத் தெரியும். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, என்ன வகைக் குற்றம், எந்த நேரம் என்று பாருங்கள்.

சரி, கட்டுப்படியாகுமா என்ற கணக்கு. வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று வைத்த வரம்பு அது. 1969-ல் 25 சதவீதமாக இருந்தது 1981-ல் 30 ஆனது. குத்துமதிப்பான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், வேதவாக்கு இல்லை. அதில் பயணச் செலவு வராது என்பதுதான் பெரிய குறை. உங்களைப் போல இரவில் திரும்புகிறவர்களுக்கு அங்கேதான் கணக்கு உதைக்கும்.

உங்கள் சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு வாடகை 28 பங்கு, போக்குவரத்து 4. அலுவலகத்துக்கு 25 நிமிடம், இரவிலும் அதே வண்டி கிடைக்கும். இரண்டாவது வீடு தொலைவில். வாடகை 20 பங்குதான், பயணத்துக்கு 9. ஒருவழிக்கு 70 நிமிடம். ஆனால் இரவு ஒன்பதரைக்கு மேல் அந்தப் பக்கம் வண்டி கிடையாது, மாதம் பத்து நாள் வாடகை கார் பிடித்தால் இன்னொரு 6 பங்கு. முதல் வீடு 32, இரண்டாவது 35. ‘மலிவான’ வீடு மூன்று பங்கு அதிகம் வாங்கிவிட்டது. நேரமும் போகிறது: முதல் வீட்டைவிட நாளொன்றுக்கு ஒன்றரை மணி கூடுதல், 22 வேலை நாளுக்கு 33 மணி நேரம். மனிதர்கள் எந்தக் காலத்திலும் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குச் செலவழிக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994-ல் எழுதினார். போக அரை மணி, வர அரை மணி. அதைப்போல் இரண்டு மடங்கு என்றால் முதல் மாதம் தெரியாது, ஆறாவது மாதம் உடம்பு சொல்லும். அதனால் தேடுவதற்கு முன், உங்கள் அலுவலகத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, எந்தெந்தத் தடத்தில் என்று பாருங்கள். அந்தத் தடத்தை ஒட்டியே தேடுங்கள்.

அந்தத் தடத்தில் எல்லோரும் விரும்பும் நிறுத்தத்தைத் தாண்டி ஒன்றிரண்டு நிறுத்தம் தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் வாடகை இறங்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்தளங்களும் அப்படித்தான். ஆனால் உங்களுக்காக நான் முதலில் பார்க்கச் சொல்வது பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்கள். அங்கே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செவிலியர்கள் கூட்டமாக நடந்து போவார்கள். இரவிலும் மருந்துக்கடை திறந்திருக்கும், வண்டி கிடைக்கும். பெண்கள் சேர்ந்து தங்கும் வீடுகளும் அந்தப் பக்கம் நிறைய இருக்கும், ராத்திரி வேலை முடித்து வரும் பெண்ணை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

வீட்டுக்குள் போனதும் புதுப் பெயின்டைப் பார்க்காமல் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகக் கறை ஓடினாலோ, பெயின்ட் அந்த மட்டத்துக்குக் கீழே மட்டும் உப்பிக்கொண்டு நின்றாலோ, அங்கே தண்ணீர் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீடுகளின் வாசற்படியையும் பாருங்கள். எல்லோரும் சிமெண்ட் வைத்து உயர்த்தியிருந்தால் அந்தத் தெருவின் மழைக்கால வரலாறு அதில் இருக்கிறது. தரைத்தள வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க முடிவது இன்னொன்று. முதல் அல்லது இரண்டாவது மாடி கிடைத்தால் நல்லது. கதவை உள்ளேயிருந்து தாழ்போட்டுப் பாருங்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டப்படுகிறதா, படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, தீ பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஜன்னல் கம்பி வெளியேற முடியாதபடி இருந்தால் அதுவும் குறைதான்.

தனியாகவா, பகிர்ந்தா என்றால், முதல் வருடம் பகிர்ந்துகொள்ளுங்கள். தனி வீட்டின் வாடகையில் அந்த ஏரியா உங்களுக்கு எட்டாது, பாதி வாடகையில் எட்டலாம். நேரத்துக்கு வராவிட்டால் தேட ஒரு ஆள் இருக்கிறார் என்பதும் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். தோழியின் பெயரில் மட்டும் இருந்தால், அவர் கிளம்பும் நாளில் உங்களுக்கும் வீடு இல்லை. கையெழுத்துப் போடுபவர்தான் உரிமையாளரா என்பதற்கு ஆவணம் கேளுங்கள்; கேட்டதற்குக் கோபப்பட்டால் அந்த வீடு வேண்டாம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். சாவி கைக்கு வந்த அன்றே, சாமான் எதுவும் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்களிடமும் தரகரிடமும் அந்தக் கதவின் சாவி இருந்திருக்கும், எத்தனை நகல் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வாசல் பூட்டின் உள்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பழையதை ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். காலி செய்யும்போது அதையே மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை அடுத்த வீட்டுக் கதவுக்கு எடுத்துப்போகலாம். அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.