மடக்கிய நான்கு பேரும் ஜிபேயில் போன மூவாயிரமும்

கேள்வி: எனக்கு வயது 24. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் விரும்புகிறவருக்கு 27. நாங்கள் இந்து, அவர் வீடு ஆர்.சி. கிறிஸ்தவர்கள். பத்து நாள் முன்பு டூட்டி முடிந்து, சாயங்காலம் முட்டம் பீச்சில் பாறைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பைக்கில் வந்த நான்கு பேர் சுற்றி நின்று, எந்த ஊர், என்ன சாதி என்று கேட்டு வீடியோ எடுத்தார்கள். எழுந்து போகப் பார்த்தபோது ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். குடும்பம் வருகிற இடம் இது என்று சொல்லி அசிங்கமாகத் திட்டினார்கள். வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க 3,000 ரூபாய் கேட்டார்கள். அவர் ஜிபேயில் அனுப்பினார். அப்படியும் அப்பாவுக்குப் போன் போய்விட்டது. அன்று இரவு போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, இனி சந்திக்க மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். வீடியோ இப்போது ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. வேலைக்கே போக வேண்டாம் என்கிறார் அப்பா. எங்கள்மேல் கேஸ் வருமா? எழுதிக்கொடுத்ததை மீறினால் என்ன ஆகும்?
(பெயர் வெளியிட வேண்டாம், கல்குளம் தாலுகா)

பதில்: கேஸ் வராது. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

இந்த மாதிரி ஜோடிகளை மிரட்டுவதற்கு வழக்கமாக எடுத்துவிடுவது ‘பொது இடத்தில் ஆபாசம்’ என்கிற பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. அதிகபட்சம் 3 மாதம் அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கே ஆபாசமான செயல் நடந்திருக்க வேண்டும், அது பிறருக்குத் தொல்லையாகவும் இருந்திருக்க வேண்டும். பாறைமேல் உட்கார்ந்து பேசுவது எந்த அகராதியிலும் ஆபாசம் ஆகாது. டெல்லியில் மெட்ரோ ஸ்டேஷன் அருகே முத்தமிட்டதாக ஒரு கணவன் மனைவிமேல் இதே பிரிவில் போட்ட வழக்கை 2009-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2024-ல் ஒரு வழக்கில், காதலிக்கிற இளம் வயதினர் கட்டிப்பிடிப்பதும் முத்தமிடுவதும் இயல்பானதே என்று சொல்லியிருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. இருவரும் 18 தாண்டியவர்கள் என்பதால் போக்சோவும் இங்கே இல்லை.

அடுத்து அந்தக் காகிதம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மேஜரான ஒருவர் திருமணம் செய்வதைத் தடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. ராணி விக்டோரியா காலத்துச் சட்டமே அந்த அளவுக்குப் பெருந்தன்மையாக இருந்திருக்கிறது! திருமணத்தையே எழுதித் தடுக்க முடியாது என்கிறபோது, பீச்சில் சந்திப்பதை எழுதித் தடுக்க முடியுமா? அதுவும் ராத்திரி ஸ்டேஷனில் மிரட்டி வாங்கினது. நாளைக்கே நீங்கள் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினாலும் யாரும் எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று: ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜிபே. மடக்கியவர்கள் பேசிய கலாச்சாரத்தையெல்லாம் ஒருபக்கம் வையுங்கள். 3,000 ரூபாய் வாங்கியபோது பெயர், நம்பர், தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் அவர்களே பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பயமுறுத்திப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308. 7 ஆண்டு வரை சிறை. என் அனுபவத்தில் இந்த ஒழுக்கக் காவலர்களில் பாதிப் பேர் கடைசியில் பணத்தில்தான் வந்து நிற்பார்கள். 2001-ல் நவராத்திரி சமயம், குஜராத்தில் வதோதரா அருகே, ராத்திரி பைக்கில் போன ஒரு ஜோடியை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் மடக்கினார். அந்தப் பையன் கையில் கட்டியிருந்த வாட்சை வாங்கிக்கொண்டுதான் விட்டார். அவர் வேலை போனது. அது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது, ஒழுக்கத்தைக் காப்பது காவலர் வேலை இல்லை என்றும் சொன்னது. யூனிஃபார்ம் போட்டவருக்கே அந்த அதிகாரம் இல்லை. பைக்கில் வந்த நாலு பேருக்கு எங்கிருந்து வரும்?

நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் இருக்கிறது. போகவிடாமல் வழி மறித்தது 126. உங்கள் கையைப் பிடித்து இழுத்தது, எந்த நோக்கத்தில் என்பதைப் பொறுத்து 74. அதற்குக் குறைந்தபட்சமே ஓராண்டு, அதிகபட்சம் 5. அசிங்கமாகத் திட்டியது 79. ஒரு பெண்ணின் நடத்தையைக் கெட்டதென்று ஊரில் பரப்புவேன் என்று மிரட்டினால் 351(3), அதற்கும் 7 ஆண்டு வரை உண்டு. வீடியோவைப் பொறுத்தவரை, உடனே ஐ.டி. ஆக்ட் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 66ஈ, 67 இரண்டும் அந்தரங்க உறுப்புகள், ஆபாசம் சம்பந்தப்பட்டவை. அதை மனுவில் எழுதினால் நீங்களே உங்கள் வீடியோவில் ஆபாசம் இருப்பதாக ஒப்புக்கொள்வது போலாகும். மிரட்டலின் தொடர்ச்சியாக, அவதூறாக மட்டும் அதை எழுதினால் போதும்.

நம் மாவட்டத்தில் இது புதுசா என்றால், இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேலாடை போட்டதற்காகச் சந்தையில் வைத்து ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் துணியைக் கிழித்தவர்களும் மரபைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். பல பத்தாண்டுத் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் போட வேண்டியிருந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்தார்கள். தோள்சீலைப் போராட்டத்தைப் பெருமையாகப் பேசுகிற வீடுகளில் இருந்துகூட இன்று பைக்கை எடுத்துக்கொண்டு பீச்சுக்குக் கிளம்புகிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வாங்குங்கள். குரூப்பில் வந்த வீடியோவை அழிக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன்னால், யார் நம்பரில் இருந்து எத்தனை மணிக்கு வந்தது என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அது வந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். பீச்சுக்குப் போகிற வழியில் உள்ள கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் புகாரை இந்த வாரமே கொடுங்கள்.

எழுதி வாங்கிய அதே ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் வேறு எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173 சொல்கிறது. வாங்க மறுத்தால் நாகர்கோவில் எஸ்.பி. ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். ‘பதினாலு நாள் விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்.’ என்று சொல்வார்கள். அந்தச் சலுகை 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். 308 அதில் அடங்காது. இதை நீங்கள் எடுத்துச் சொன்னாலே எதிரில் இருப்பவரின் குரல் கொஞ்சம் மாறும், பாருங்கள். ஸ்டேஷனில் எழுதி வாங்கியதைத் தனிப் புகாராக இப்போது எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. மனுவில் ஒரு பாரா போதும். இரண்டு சண்டையை ஒரே நேரத்தில் தொடங்கினால் பணம் பறித்தவன் தப்பித்துக்கொள்வான்.

அப்பா விஷயம் தனி. மேஜரான பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைப்பதும் குற்றம்தான், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடவும் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அடைபட்டு இருப்பதாக எழுதவில்லை. அவரும் அந்த வீடியோவைப் பார்த்தவர், குரூப்பில் தன் பெயரைப் பார்த்தவர். ஒரு மாமாவையோ சித்தியையோ வைத்துப் பேசிப் பாருங்கள். டூட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கையில் சம்பளம் இருக்கிற பெண்ணிடம் பேசும் விதமே வேறு. யாராவது அடிக்க வந்தால் 112 அல்லது 181.

கல்யாணம் என்று வரும்போது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் உங்களுக்கு. சுயமரியாதைத் திருமணம் இருவரும் இந்துவாக இருந்தால் மட்டும் செல்லும், யாரோ சொன்னார்கள் என்று அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். நோட்டீஸ் 30 நாள் ஆபீஸ் பலகையில் தொங்கும், ஊர் பார்க்கும், தெரிந்தே போங்கள். யார் ஆட்சேபம் சொன்னாலும் வயது, மனநிலை, ஏற்கெனவே திருமணம், தடைசெய்யப்பட்ட உறவு இவை தவிர வேறு எதுவும் எடுபடாது. மேஜரான இருவர் சேர முடிவு செய்தால் வீட்டார், சாதி, ஊர் யார் சம்மதமும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ‘சக்தி வாஹினி’ வழக்கில் சொல்லி, மிரட்டல் இருந்தால் பாதுகாப்புத் தரவும் போலீசுக்கு உத்தரவிட்டது.

புகார் மனுவை எழுதும்போது ஒன்று கவனியுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் வருகிற மனுக்கள் பெரும்பாலும் ‘நாங்கள் அறியாமல் அங்கே சென்றுவிட்டோம்’ என்று தொடங்கும். அந்த வரி வேண்டாம். எத்தனை மணிக்குப் பாறைமேல் உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு அந்தப் பைக்குகள் வந்தன என்பதிலிருந்து தொடங்குங்கள்.