சீட்டுக் குலுக்கிப் போட்டா வைத்தியம்? மயக்க மருத்துவரின் கேள்வி பதில்

புதுச்சேரியில் மயக்க மருந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரை ஊரே சொல்லும், மயக்கம் கொடுத்தவர் முகம்கூட யாருக்கும் நினைவிருக்காது, அப்படியிருக்க இத்தனை கடிதம் வந்ததில் எனக்கே ஆச்சரியம். இந்த முறை கடலூர், புதுவைப் பக்கத்துக் கடிதங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருக்கிறோம். பின்னால் வலி தெரியாமல் இருக்க வயிற்றுப் பக்கவாட்டில் ஸ்கேன் பார்த்து ஊசி போடுவார்களாம், அதில் இரண்டு முறையாம், எது நல்லது என்று ஆராய்ச்சியாம், யாருக்கு எந்த முறை என்பது சீட்டில் வருகிறபடியாம். கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்பா சரி என்கிறார், எனக்கு மனசே இல்லை. அவரைச் சோதனை எலி ஆக்குகிறார்களா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சீட்டு என்ற பேச்சைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அடிவயிற்றுக்கு வரும் நரம்புகள் தசை அடுக்குகளுக்கு நடுவில் ஓடுகின்றன, அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே அந்த இடுக்கில் மரத்துப்போகும் மருந்தை விடுவார்கள். அடுக்குக்குள் பரவலாக விடுவது ஒரு முறை, தொடை இடுக்குக்குப் போகிற நரம்பைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் விடுவது இன்னொன்று. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அநேகமாக இந்த இரண்டாகத்தான் இருக்கும், இரண்டுமே பல வருஷமாகப் புழக்கத்தில் இருப்பவை.

அப்புறம் எதற்குச் சீட்டு? டாக்டர் இஷ்டத்துக்கு விட்டால் ஒல்லியானவருக்கு ஒன்று, தொப்பை உள்ளவருக்கு இன்னொன்று என்று தன்னை அறியாமலே பிரித்துவிடுவார், கடைசியில் வலி குறைந்தது ஊசியாலா உடம்பு வாகாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கம்ப்யூட்டர் கொடுத்த வரிசைப்படி உறைகளை ஒட்டி வைத்து, நோயாளியின் முறை வரும்போதுதான் பிரிப்பார்கள். வார்டுக்கு வந்து வலி எவ்வளவு என்று கேட்கிறவருக்கு உறையில் என்ன இருந்தது என்று தெரியக்கூடாது, ஒழுங்காக நடக்கிற ஆராய்ச்சிக்கு அது ஒரு அடையாளம்.

கையெழுத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சீட்டில் எது வந்தாலும் வழக்கமான வலி மருந்து உண்டா? வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போடுகிற குழு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அவர்களுக்கு வலித்தால் எவ்வளவு நேரத்தில் மருந்து தருவார்கள்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? தமிழில் எழுதிய விவரத்தாளின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இப்படிப்பட்ட ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம், பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம், அதற்காக வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கக்கூடாது. இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் வந்தால் நானாக இருந்தால் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்வேன். முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளில் பாதி ஒரே கேள்வியையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது என் பழைய புலம்பல், அது வேறு கதை.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்வார்கள், சும்மா படுத்திருக்கும்போது ஒரு தடவை, இருமச் சொல்லி ஒரு தடவை. நம் ஊர்ப் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லைங்க டாக்டர், லேசா சுருக்சுருக்குன்னு இருக்கு" என்பார்கள், எதிரில் நிற்கிற மாணவர் 2 என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். முதல் முறையாக வலி மருந்து கேட்ட நேரத்தையும் நிமிஷக் கணக்கில் குறிப்பார்கள், அவர் கேட்கவே இல்லையென்றால் அந்த ஊசி பிரமாதம் என்று கணக்கு ஆகிவிடும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லட்டும். ஊசியின் வேகம் ராத்திரியில்தான் பெரும்பாலும் இறங்கும், அதற்கு முன்னாலேயே அடுத்த மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

எனக்குத் தைராய்டு கட்டி ஆபரேஷன். மயக்க டாக்டர் வாயைத் திற, நாக்கை நீட்டு, அண்ணாந்து பார் என்றார், தாடைக்குக் கீழே விரல் வைத்து அளந்தார். முன்பு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த இடத்தில் கொடுத்த சீட்டில் மூச்சுக்குழாயில் ட்யூப் போடச் சிரமமாக இருந்தது என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டினால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று காட்டவில்லை. (வாசகி, பண்ருட்டி)

நாளைக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள் அம்மா. எந்த ஸ்கேனையும்விட எங்களுக்கு அந்த ஒரு சீட்டு பெரிசு. மயக்கமும் தசை தளர்த்தும் மருந்தும் போட்டதும் மூச்சு நின்றுவிடும், அதற்கப்புறம் ட்யூப் உள்ளே போகிறவரை கையில் இருப்பது சில நிமிஷங்கள்தான். அதற்காகத்தான் முதலில் மாஸ்க்கை முகத்தில் வைத்து "நல்லா மூச்சு இழுங்க" என்று விடாமல் சொல்வது, நுரையீரல் முழுக்க ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டால் அந்த நேரம் கொஞ்சம் நீளும். சிரமம் வரும் என்று முன்பே தெரிந்தால் குரல்வளையைப் பார்க்கிற கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப், குரல்வளைக்கு மேலேயே உட்கார்கிற லாரிஞ்சியல் மாஸ்க், பக்கத்தில் இன்னொரு சீனியர் என்று எல்லாம் தயாராக இருக்கும். ரொம்பச் சிக்கல் என்றால் தொண்டையை மட்டும் மரக்கவைத்து, நீங்கள் விழித்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கேமரா வழியாக ட்யூபை இறக்கிவிட்டுத்தான் மயக்கமே கொடுப்போம். கழுத்தில் கட்டி உள்ளவருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டிய சங்கதி. பிரிட்டனில் மயக்க மருத்துவர்கள் நாடு முழுக்க இந்த மாதிரி விபத்துகளைத் திரட்டி 2011-ல் வெளியிட்ட ஆய்விலும் முன்கூட்டியே சரியாகப் பார்க்காததும் திட்டம் போடாததும் திரும்பத் திரும்ப வந்தன.

நாக்கை நீட்டச் சொன்னாரே, அந்தச் சோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர், நம் பக்கத்து ஆந்திராக்காரர். பாஸ்டனில் வேலை பார்த்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 210 பேரைப் பார்த்து 1985-ல் எழுதினார்: உட்கார்ந்து வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கு நன்றாகத் தெரிந்தால் ட்யூப் போடுவது பெரும்பாலும் சுலபம், நாக்கே எல்லாவற்றையும் மறைத்தால் உஷார். பின்னால் வந்த ஆய்வுகள் இது ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று காட்டிவிட்டன, அதனால்தான் தாடை, கழுத்து, ஆடுகிற பல், குறட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். பாக்கும் பான் மசாலாவும் போட்டுப் போட்டு இரண்டு விரல்கூட உள்ளே போகாத அளவுக்கு வாய் இறுகிப்போனவர்களை வாரா வாரம் பார்க்கிறேன், வயது முப்பதுகூட இருக்காது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து நான்கு வருஷமாக இடுப்பு வலி. அந்த ஊசிதானே காரணம்? (வாசகி, வில்லியனூர்)

இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள், தெரியும். ஊசி போட்டவர்களையும் போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களையும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலி இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர், குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவே. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், குனிந்தே பால் கொடுத்தது, குடமும் குழந்தையும் இடுப்பிலேயே இருப்பது, இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ தாமதிக்கக் கூடாது. முதுகு ஊசியால் நிஜமாகவே வருவது தலைவலி, முதல் சில நாட்களில், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். 1898-ல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர் தன் முதுகிலேயே குத்திப் பார்க்கச் சொல்லி, அந்தத் தலைவலியோடு நாள் கணக்கில் படுத்துக் கிடந்தார்.

காலை ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியே தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்களே? (வாசகர், லாஸ்பேட்டை)

இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி போதும் என்பதுதான் இன்றைய விதி. பால் டீ தண்ணீர்க் கணக்கில் வராது. சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு மாறலாம், அதனால் நீங்களாக முடிவு செய்யாமல் உங்கள் மயக்க டாக்டரையே கேளுங்கள்.

கணவர் தினமும் ஒரு குவார்ட்டர். பித்தப்பை ஆபரேஷன் வருகிறது. மாமியார் எதிரில் டாக்டர் கேட்டதற்கு "எப்பவாவது" என்று சொல்லிவிட்டார். (பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

புதுச்சேரியில் வேலை பார்க்கிற எங்களுக்கு "எப்பவாவது" என்றால் என்ன என்று ஓரளவு தெரியும். இருந்தாலும் நிஜ அளவு வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, வயிற்றில் போட்ட ட்யூபை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடப் பார்ப்பார். தெரிந்தால் முன்பே மருந்து கொடுத்துத் தடுக்கலாம். மயக்க மருந்தின் அளவும் பாரசிட்டமால் அளவும் இதைப் பொறுத்து மாறும். டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள், மாமியார் காதுக்குப் போகாது.

ஆயாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். மார்ஃபின் பழகிவிடும் என்று வலி மாத்திரை எதையும் தொட மாட்டேன் என்கிறார், நடக்கவும் மறுக்கிறார். (வாசகர், அரியாங்குப்பம்)

ஆபரேஷன் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் நாலைந்து நாள் கொடுப்பதால் அடிமையாகிற ஆபத்து மிகக் குறைவு. பாரசிட்டமாலையும் தொடையில் போடுகிற நரம்பு ஊசியையும் சேர்த்துக்கொண்டால் மார்ஃபின் வகைக்குத் தேவையே குறைந்துவிடும், டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களிலேயே இந்தக் கூட்டு முறையைத்தான் வலியுறுத்தினார். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், மூட்டும் இறுகிவிடும், பிறகு எந்த மாத்திரையும் உதவாது. ஆயாவிடம் போதைக்கும் வலிக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காபியோடு கொடுத்துவிடுங்கள்.