நகராட்சியைப் பசுமையாக்க வேண்டுமா? முதலில் குப்பை வண்டிக்குள் பாருங்கள்

கேள்வி: பூந்தமல்லி பக்கம் ஒரு நகராட்சியில் இருக்கிறோம். நகராட்சியோடு சேர்ந்து ஊரைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற வேண்டும் என்று எங்கள் நலச் சங்கத்துக்கு ஆசை. மரக்கன்றா, சோலாரா, ஏரியா என்று ஒரே விவாதம். எதில் தொடங்குவது, யாரைப் பிடிப்பது?

பதில்: மூன்றும் நல்லதுதான், ஆனால் மூன்றிலும் தொடங்காதீர்கள். கன்று நட்ட அன்று போட்டோ, அடுத்த மே மாதம் வெறும் கூண்டு, இதைத்தான் பல தெருக்களில் பார்க்கிறோம். ஏரி நீர்வளத்துறையுடையதாக இருக்கலாம், மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, சோலார் என்றால் மின்வாரியம் வரை போக வேண்டும். நகராட்சியின் கையில் முழுசாக இருப்பது குப்பை, தெருவிளக்கு, பூங்கா, தெரு வடிகால். இதில் குப்பைதான் பெரியது.

காலையில் பேட்டரி வண்டி வரும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் இருக்கும். நாலு தெரு தாண்டியதும் இளநீர் மட்டையும் கல்யாண மண்டபத்து வாழை இலையும் சேர்ந்து தொட்டி நிறைந்துவிடும், அப்புறம் நீங்கள் பிரித்துக் கொடுத்ததும் பிரிக்காததும் ஒரே குவியல். தூய்மைப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு டன்னுக்கு இவ்வளவு பணம் என்று இருந்தால், ஈரக் குப்பையைக் கலந்து எடை கூட்டுவது அவருக்கு லாபம், பிரித்து எடை குறைப்பது நஷ்டம். நீங்கள் எவ்வளவு விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. சென்னை மாநகராட்சி 2020-இல் சில மண்டலங்களைத் தனியாரிடம் விட்டபோது, எடையை விட்டுவிட்டு வேலையின் தரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறைக்குப் போனது இதனால்தான்.

அதனால் முதல் வேலை, ஒப்பந்த நகலைக் கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பணம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, உரக்கூடத்துக்குத் தினமும் எத்தனை கிலோ மக்கும் குப்பை போகிறது, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். இருபது கேள்வி கேட்டால் இருபதுக்கும் மழுப்பல்தான் வரும்.

நம் ஊர் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. அது கிடங்குக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி, தீப்பிடிக்கக்கூடிய மீத்தேன் வாயு வரும். 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும், பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வேறு. அதே குப்பை வார்டுக்குள்ளேயே உரமானால் லாரி டீசலும் மிச்சம். மண்டபம், ஓட்டல், பெரிய அடுக்குமாடி இவற்றைத் தனியாகப் பிடியுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுபவர்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு உண்டு, கொடுக்கத்தான் மனசு வர வேண்டும்.

சரி, யாரிடம் போவது? சுகாதார ஆய்வாளரிடம் முதலில் பேசுங்கள், எந்த வண்டி எங்கே கொட்டுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் கவுன்சிலர். கவுன்சிலரோடு வார்டு மக்களும் உட்கார்ந்து பேசும் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-இலேயே வந்துவிட்டன, அங்கே எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்ய வையுங்கள். நகர்மன்றத்தில் தீர்மானமாக வராத எதற்கும் பணம் ஒதுக்க மாட்டார்கள். பட்ஜெட் மார்ச் வாக்கில் முடிந்துவிடும், ஆகவே ஐப்பசி மழைக்காலத்திலேயே மனு போய்ச் சேர வேண்டும். ஆணையருக்கு ஒரு நகல், ஒப்புகைச் சீட்டு கட்டாயம்.

மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்தே கட்டாயம், பல இடங்களில் தொட்டி மண் மூடிக் கிடக்கிறது. நகராட்சி அலுவலகத்திலும் பள்ளிகளிலும் உள்ள தொட்டிகளை முதலில் தூர்வாரச் சொல்லுங்கள், செலவு குறைவு. ஏரி, குளம்தான் வேண்டும் என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நகராட்சியுடையதாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் கேளுங்கள். மக்கள் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், அதைச் சங்கத்தில் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.