பேட்டரிப் பட்டறைக்கு அருகில் வசிக்கிறோம். ஓடியாடி விளையாடும் குழந்தைக்கு ஈயப் பரிசோதனை தேவையா?

தேவை. நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறிகுறி வரும்வரை காத்திருந்த வீடு எங்களுடையது.

1990களின் நடுவில் மலேசியாவில், பினாங்கின் பிறை வட்டாரத்தில் குடியிருந்தோம். பழைய லோரி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அங்கே கைகால் கழுவ ஒரே ஒரு குழாய்தான். சட்டை மாற்ற இடமில்லை. ஈயத் தொழிலாளர்களுக்கான விதிமுறைகள் நம் நாட்டில் 1984ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, அந்த ஒற்றைக் குழாயை நினைத்து வெகுநேரம் அழுதேன். அப்பா வேலைச் சட்டையோடு வாசலில் நுழைந்ததும் இரண்டு வயதுத் தம்பி ஓடிப்போய் அவர் தோளில் ஏறிக்கொள்வான்; பிறகு விரலை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவான். வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வந்தபோது இரண்டு கிளினிக்குகளில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது மருத்துவர்தான் அப்பாவின் தொழிலைக் கேட்டார். சோதனையில் ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 31 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது.

விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்கிறது; இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்திருந்தால் இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5 மைக்ரோகிராமை எட்டினாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45ஐ எட்டினால்தான் தரப்படுகிறது என்பதால், ஈயம் வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லித் தம்பியை அனுப்பினார்கள்.

பள்ளியில் அவனை மந்தமானவன் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அவன் படிப்பில் பின்தங்கியதற்கு ஈயம் ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. எங்கள் வீட்டில் வறுமையும் இருந்தது. ஆயினும், அம்மா கொண்டுபோன சோதனைத் தாளை ஆசிரியர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவைக் குறைசொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனை அதை அளப்பதில்லை. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார் என்றால், அவருடைய துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். அம்மா இரண்டு வருடம் ஒரே வாளியில்தான் ஊறவைத்தார்.